இன்டேக் மேனிஃபோல்டுக்கு பிவிசி பைப் வேண்டாம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஊட்டி லேத் பட்டறையிலிருந்து வணக்கம்.

போன வாரம் ஒருவர் தன் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு வெள்ளை பிவிசி பைப்பை வெட்டி ஒட்டி, சொந்தமாக இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றும் பெட்ரோலும் கலந்து இன்ஜினுக்குள் போகும் குழாய்த் தொகுதி) செய்து கொண்டுவந்தார். நேர்த்தியான வேலை. ஆனாலும் மாட்டித் தர மறுத்துவிட்டோம்.

அவர் எதிரிலேயே ஒரு பழைய டப்பாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதே பைப்பில் ஒரு துண்டைப் போட்டோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டுக்கே துண்டு தொளதொளத்துப் போனது. இடுக்கியால் லேசாக அழுத்தியதும் பைப்பின் வாய் மூடிக்கொண்டது. மேனிஃபோல்ட் பொருந்தும் இன்ஜின் ஹெட்டில் ஓடும் கூலன்ட்டே (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) 90 டிகிரி. ஏற்றம் முடிந்து வண்டியை அணைத்தால் சுற்றியுள்ள சூடு இன்னும் ஏறும்.

எங்களுக்குப் பெரிய பயம் இறக்கத்தில்தான். கல்லட்டி மலைப்பாதையில் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரில் இறங்கும்போது மேனிஃபோல்டுக்குள் வேக்கம் (உள்ளிழுக்கும் வெற்றிடம்) உச்சத்தில் இருக்கும். இளகிய பைப் அப்போது உள்வாங்கும், அல்லது ஒட்டு விடும். பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். அடுத்த கொண்டை ஊசி வளைவில் என்ன செய்வீர்கள்? பேக் ஃபயர் ஆனால், அதாவது மேனிஃபோல்டுக்குள்ளேயே பெட்ரோல் தீப்பிடித்தால், பிவிசி வெடித்துச் சிதறும். எரிந்தால் வரும் புகையும் நஞ்சு.

கம்பெனி வண்டிகளிலும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டார். அது கண்ணாடி இழை கலந்த நைலான், 200 டிகிரிக்கு மேல்தான் உருகும். 3டி பிரின்டில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளகும். ஒட்டுக்கு எபாக்ஸி, சாதா சிலிக்கான் போடாதீர்கள்; பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊதிவிடும்.

அலுமினியம்தான் எங்கள் தேர்வு. 3 மி.மீ. கனமுள்ள குழாய், 10 அல்லது 12 மி.மீ. பிளேட்டில் ஃபிளாஞ்ச் (ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டும் தகடு), ஆர்கான் வெல்டிங். மைல்டு ஸ்டீலும் தாங்கும், எடைதான் கூடும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம்: வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பி, அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும். எதில் செய்தாலும் உள்ளே பிசிறு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அது நேராக சிலிண்டருக்குள் போகும்.

இந்த உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிட கால்வாசி குறைவு. வண்டி இழுக்காததற்கு அதுவே முக்கியக் காரணம். மேனிஃபோல்டை மாற்றி அதை முழுதும் ஈடுகட்ட முடியாது. அதனால் முதலில் கார்பரேட்டரைக் காட்டுங்கள். அதன்பிறகும் செய்யத்தான் வேண்டுமென்றால் பழைய கேஸ்கட்டை (மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு) எடுத்து வாருங்கள். அதை அச்சாக வைத்து ஃபிளாஞ்ச் வெட்டித் தருகிறோம்.