அமெரிக்க உள்நாட்டுப் போர் வீடியோ போடுற நம்ம சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

உங்க வீடியோவெல்லாம் விடாம பாக்குற ஆள் தான் நான், அதனால இத திட்டுன்னு எடுத்துக்காதீங்க, மனத்தாங்கல்னு வெச்சுக்கோங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர், அதாவது அடிமை முறை விவகாரத்துல அந்த நாட்டு வடக்கும் தெற்கும் மோதுன சண்டைன்னு எடுத்தாலே எல்லாரும் ஒரே ரூட்டு தான், வடக்கோட ஜனாதிபதி லிங்கன், தெற்கோட தளபதி லீ, கெட்டிஸ்பர்க் சண்டை, கடைசில லிங்கன் "அடிமைகளுக்கு விடுதலை குடுத்தார்"னு ஒரு வரி, பின்னாடி சோகமா ஒரு வயலின். அந்தப் போர்ல வடக்கு ராணுவத்துல சேர்ந்து சண்டை போட்ட கறுப்பின சிப்பாய்ங்க சுமார் 1,80,000 பேரு. அவங்க எங்கப்பா?

தெற்குப் படை கையில இருந்த வாக்னர் கோட்டை மேல நடந்த சண்டைய எடுங்க. 1863 ஜூலை 18, சார்ல்ஸ்டன் துறைமுகத்து வாசல்ல இருக்குற மோரிஸ் தீவு. பகல் பூரா பீரங்கியால அடிச்சிட்டு, உள்ள பெருசா யாரும் மிச்சம் இருக்க மாட்டாங்கன்னு மேலிடம் நம்பி, பொழுது சாயுற நேரத்துல கறுப்பின சிப்பாய்ங்க இருந்த வடக்குப் படைப்பிரிவான 54வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்ட முன்னால அனுப்புனாங்க. எதிரியில பெரும்பாலானவங்க பதுங்கு அறையில பத்திரமா இருந்திருக்காங்க. போன 600 பேர்ல பாதிக்குக் கிட்ட செத்தாங்க, காயப்பட்டாங்க, இல்ல காணாம போனாங்க. ரெஜிமென்ட் தலைவர் கர்னல் ஷா, 25 வயசு வெள்ளைக்காரர், மதில் மேலயே விழுந்தார். சார்ஜென்ட் வில்லியம் கார்னி குண்டடி பட்டும் கொடிய கீழ விடாம கொண்டாந்தார், அதுக்கு மெடல் ஆஃப் ஹானர் (அமெரிக்க ராணுவத்தோட உச்ச வீர விருது) குடுத்தது 1900ல, எவ்ளோ சீக்கிரம் பாருங்க! (இன்னொன்னு, இந்த ரெஜிமென்ட்ல நிறைய பேர் வடக்குல சுதந்திரமா வாழ்ந்தவங்க, தம்ப்நெயில்ல எல்லாருக்கும் சங்கிலி மாட்டி விடாதீங்க.)

ஆனா எனக்கு சண்டைய விட பெருசாப் படுறது சம்பள விஷயம். வெள்ளை சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், அதேதான் உங்களுக்கும்னு சொல்லி கறுப்பின சிப்பாய்ங்கள சேத்துட்டு அப்புறம் 10 டாலர்னாங்க, அதுலயும் துணிக்கு 3 டாலர் புடிச்சுக்கிட்டு கையில 7. 54வது ரெஜிமென்ட் அத வாங்கவே மாட்டோம்னுடுச்சு. மிச்சத்த நாங்க போட்டுத் தரோம்னு மாசசூசெட்ஸ் மாநிலம் வந்தப்பவும் வேணாம்னாங்க, ஏன்னா காசு இல்ல பிரச்சினை, ராணுவம் எங்கள சிப்பாய்னு ஒத்துக்குதா இல்லையாங்குறது தான். ஊர்ல பொண்டாட்டி புள்ள கஷ்டப்படுது, இங்க ஒன்றரை வருஷம் போல ஒத்த பைசா வாங்காம சண்டைக்குப் போய்ட்டு இருக்காங்க. 54வதுல ஜேம்ஸ் ஹென்றி குடிங்னு ஒரு கார்ப்போரல் நேரா லிங்கனுக்கே கடுதாசி போட்டார், சிப்பாய் வேலைய செஞ்சோம், சிப்பாய் சம்பளம் ஏன் இல்லன்னு. சம சம்பளத்துக்கு சட்டம் வந்தது 1864 ஜூன். அடுத்த மாசம் குடிங் தெற்கோட ஆண்டர்சன்வில் கைதி முகாம்ல செத்துட்டார்.

வடக்கு ராணுவத்துலயே இருந்த இன்னொரு கறுப்பினப் படைப்பிரிவு, தெற்கு கரோலினா 3வது ரெஜிமென்ட், அதோட சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் கதை இன்னும் மோசம். சம்பளம் சரியா வர்ற வரைக்கும் டூட்டி பாக்க மாட்டோம்னு தன் ஆளுங்களோட துப்பாக்கிய கர்னல் கூடாரத்து முன்னாடி வெச்சார், கலகம்னு சொல்லி வடக்கு ராணுவமே 1864 பிப்ரவரில அவர சுட்டுக் கொன்னுது.

அதனால "லிங்கன் குடுத்தார்"ங்குற அந்த வரிய முதல்ல தூக்குங்க. அடுத்த வீடியோல கார்னியோட கொடிக்கு 2 நிமிஷம் ஒதுக்குனா சம்பளத்துக்கு 5 நிமிஷம் ஒதுக்குங்க, குடிங், வாக்கர் ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்க, வயலின் வேணாம்.

இப்படிக்கு,
உங்க பழைய சப்ஸ்கிரைபர்