குருப் சொத்தும் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வு மையமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் உள்ள ஆல்ஃபிரீட் குருப் உயராய்வு மையத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அங்கு தங்கி ஆராயும் அறிஞர்களுக்குக் கிடைக்கும் நல்கைகளை விரிவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தின் மூலத்தை 'எஃகுக் குடும்பத்தின் கொடை' என்று ஒரே தொடரில் முடித்துக்கொண்டது. அது கொடைதானா என்பதே என் கேள்வி.

1948 ஜூலையில் நியூரம்பெர்க்கில் கூடிய அமெரிக்க ராணுவ நீதிமன்றம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த நாடுகளின் ஆலைகளைச் சூறையாடியதற்காகவும் மனிதர்களைக் கட்டாய வேலை வாங்கியதற்காகவும் எஃகு, ஆயுத ஆலைகளின் அதிபர் ஆல்ஃபிரீட் குருப்புக்கு 12 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. 1951-இல் ஜெர்மனியில் இருந்த அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் அவரை விடுவித்ததோடு சொத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1967-இல் குருப் இறந்தபோது, மகன் ஆர்ண்ட் வாரிசுரிமையை முன்பே விட்டுக்கொடுத்திருந்ததால், அச்சொத்து, இந்த மையத்துக்குப் பணம் தரும் குருப் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. நீதிமன்றம் பறித்து, ஓர் அதிகாரியின் கையெழுத்தால் திரும்பி வந்த சொத்திலிருந்துதான் இன்றைய நல்கைகள் பிறக்கின்றன.

குருப் ஆலைகளில் கட்டாயமாக உழைத்தவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வழியாக, குருப் ஆலைகள் இருந்த எஸ்ஸன் நகருக்குக் கொண்டுவரப்பட்ட யூதப் பெண்கள் 520 பேர். பெரும்பாலும் ஹங்கேரியைச் சேர்ந்த இளம்பெண்கள். குண்டுவீச்சில் கொட்டகைகள் எரிந்தபின் நிலவறையில் படுத்து, குளிரில் நடந்தே எஃகு உருட்டாலைக்குப் போய் வந்தார்கள். உயிர் பிழைத்த யூதத் தொழிலாளர்களுக்காக 1959-இல், சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமலேயே, குருப் நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தலைக்கு 5,000 மார்க் என்ற பேச்சு, விண்ணப்பித்தோர் பெருகியதால் சுமார் 3,300 மார்க்காகச் சுருங்கியது. யூதரல்லாத போலந்து, சோவியத் தொழிலாளர்களுக்கு அந்த உடன்பாட்டில் ஒன்றுமே இல்லை. அவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஜெர்மன் அரசும் தொழில்துறையும் சேர்ந்து நிதியம் அமைக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள்.

போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய பெர்ட்ஹோல்ட் பைட்ஸ்தான் இந்த அறக்கட்டளையைப் பல பத்தாண்டுகள் நடத்தினார் என்பதை நான் மறக்கவில்லை. அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய அறம் அவருடையது. மையத்தின் வாசலில் இருப்பதோ தண்டனை பெற்றவரின் பெயர். குருப்பைப் போலவே நியூரம்பெர்க்கில் தண்டனை பெற்ற தொழிலதிபர் ஃபிளிக்கின் பேரன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்த நன்கொடை, எதிர்ப்புக்குப்பின் 1996-இல் திரும்பப் பெறப்பட்டது. அதுபோலப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கோரவில்லை. திருப்பித் தந்தால் அது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகப்போவதில்லை, ஆய்வாளர்களின் வாய்ப்புத்தான் போகும். பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலேயே 1948-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்த 520 பெண்களின் வரலாறும் இடம்பெற வேண்டும் என்பதும், குருப் ஆலைகளின் கட்டாய உழைப்பை ஆராய வருவோரை அறக்கட்டளையின் தலையீடின்றி வெளியார் குழுவே தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் நல்கை அளிக்க வேண்டும் என்பதுமே என் கோரிக்கை. இதுபோன்ற நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது தங்கள் நாளிதழும் பணத்தின் வரலாற்றுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்