பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த முன்னாள் அமைச்சரின் நீண்ட பேட்டியை இரண்டு முறை படித்தேன். கர்நாடக அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து, சுருக்கெழுத்தராகி, முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தேர்தலில் சீட்டு கொடுக்கும்போது சாதிக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்கிறார் அமைச்சர். கையில் பணமில்லாதவன் கவுன்சிலராகக்கூட வர முடியாது என்கிறார். உண்மைதான். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவரும் இதைச் சொல்வார். நான் எழுத உட்கார்ந்தது, அவர் சாமியைப் பற்றிச் சொன்னதற்காக.

பதவியில் இருந்தவரை நாள் நட்சத்திரம் பார்க்காமல் முக்கியமான கோப்பு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்கிறார். அதெல்லாம் மூடத்தனம் என்று இப்போது புரிகிறது என்கிறார். கோயில் கோயிலாக ஓடுகிற ஜனங்கள்தான் தலைவர்களையும் அப்படி ஆக்கிவிடுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டையும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதற்காக அவரை மதிக்கிறேன். அந்த வயதில் அதற்கு மனத்துணிவு வேண்டும். மூன்றாவது என்னைச் சுட்டது.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பெங்களூரு அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போகிறவள். செப்டம்பர் 8ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் காவிச்சேலை கட்டிக்கொண்டு போகும் பெண்களில் பலர் எங்கள் அக்கம்பக்கத்தவர்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், முழங்கால் வலி தீர வேண்டும் என்று கேட்கிறோம். நாங்கள் விளக்கேற்றியதால் அடுத்த வீட்டுக் குடத்தில் தண்ணீர் நின்றுபோனதில்லை.

குடம் என்று எழுதும்போது ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டி, குழாய் பதித்து, தண்ணீர் ஏற்றிச் சோதனையும் முடித்துவிட்டார்கள். திறப்பு விழா அழைப்பிதழின் வரைவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஆஷாட மாதத்தில், அதாவது நம் ஆடிபோல, நல்ல காரியம் ஆகாது என்று தேதியைத் தள்ளினார்கள், மறுபடி அடித்தேன். புதிய தேதி அமைச்சருக்குச் சந்திராஷ்டமம் என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது தாளைச் செருகினேன். அதில் நேரம் காலை 10.12 என்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு பிசகாமல் விழுகிறதா என்று மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஆக மொத்தம் ஏழு வாரம். நடுவில் ஒருநாள் அந்த ஊரிலிருந்து மனுக் கொடுக்க வந்த அம்மா ஒருவர் என் மேசையோரம் நின்றார். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி உதிர்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே, குழாயை ஏன் திறக்கவில்லை?" என்று கன்னடத்தில் கேட்டார். ஐயா ஊரில் இல்லை, வந்ததும் திறப்பார் என்று சொல்லி அனுப்பினேன். ஐயா உள்ளே அறையில்தான் இருந்தார். அந்தப் பொய் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அந்த அமைச்சர் வேறு, பேட்டி கொடுத்தவர் வேறு. ஆனால் அந்த ஏழு வாரத்தில் பக்தி எங்கே இருந்தது என்று இவரைக் கேட்க விரும்புகிறேன். அங்கே இருந்தது நாற்காலி பறிபோய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை எங்கள் நம்பிக்கையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

முதலமைச்சராக இருப்பவர் சாமராஜநகரில் கால் வைத்தால் பதவி போய்விடும் என்று எத்தனை காலம் இந்த மாநிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அந்த ஊர் மக்களா அதைக் கிளப்பினார்கள்? முதல்வர் வரமாட்டாரா, எங்கள் குறையைக் கேட்கமாட்டாரா என்று காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். 2013இல் முதல்வரான சித்தராமையா பலமுறை அங்கே போய்வந்தார். ஐந்து ஆண்டுகளையும் முழுதாக முடித்தார். 2023இல் மறுபடி முதல்வராக வந்தபோது, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ள விதான சௌதாவில் தம் அறையில் வாஸ்து சரியில்லை என்று பூட்டிக் கிடந்த தெற்கு வாசல் கதவைத் திறக்கச் சொல்லி அதன் வழியாகவே உள்ளே போனார். அவர் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. இந்த இரண்டையும் அவர் பதவியில் இருக்கும்போதே செய்தார் என்பதை மறைக்க முடியாது.

அதே விதான சௌதாவின் முகப்பில் "அரசின் வேலை ஆண்டவன் வேலை" என்ற பொருளில் கன்னடத்தில் பொறித்திருக்கிறது.  பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்ப்பேன். வேலையே ஆண்டவனுடையது என்றால் அதற்கு ராகு காலம் ஏது?

மூடப் பழக்கங்களுக்கு எதிரான சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 2017இல் நிறைவேற்றியது. எச்சில் இலையில் உருளும் மடே ஸ்நானம் போன்றவற்றைத் தடுத்தது, நல்ல காரியம். ஆனால் சோதிடத்தையும் வாஸ்துவையும் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். ஏழைகள் செய்வது குற்றம், பெரிய மனிதர்கள் நம்புவது அவர்கள் சொந்த விஷயம் என்றுதானே இதற்குப் பொருள்? அதைப் பற்றிப் பேட்டியில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. எங்கள் அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகள் எதிர்த்ததால், 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே போவேன். 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அன்று கன்னடக்காரர்களான என் அலுவலகத் தோழிகள் எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். சிலை விஷயத்தில் தமக்கு உள்ளூர எதிர்ப்பே இருந்ததில்லை என்று முன்னாள் அமைச்சர் இப்போது சொல்கிறார். உள்ளூர இருந்ததை வைத்து நாங்கள் என்ன செய்வது? அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு மேடையில் எழுந்து நின்று சொல்லியிருந்தால், எங்களைப் போன்றவர்கள் பஸ்ஸில் வாய்விட்டுத் தமிழ் பேசத் தயங்கியிருக்க மாட்டோம்.

பேட்டியின் அடுத்த பகுதி விரைவில் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவரைச் சந்திக்கப் போகிறவரிடம் தயவுசெய்து ஒன்று சொல்லுங்கள். நல்ல நேரத்துக்காக அவர் மேசையில் காத்திருந்த கோப்புகளில் ஒன்றையாவது கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: எந்த ஊருடையது, எதற்காக வந்தது, எத்தனை நாள் கிடந்தது, அதுவரை அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள். அவருக்கு நினைவில்லையென்றால், அவரிடம் வேலை பார்த்த தட்டச்சர் யாருக்காவது நிச்சயம் நினைவிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியை,
அல்சூர், பெங்களூரு