கட்டில் கம்பி

மன்னார்குடி,
வைகாசி 2

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் சின்னத்தான் வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். அவனிடம் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வடு மாங்காய், அம்மா சுட்ட அதிரசம் எல்லாம் கொடுத்தனுப்புகிறோம். வடு மாங்காய் பாட்டிலைச் சுற்றியிருக்கும் துண்டை நீதான் அவிழ்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உன் அம்மாவும் இருக்கிறாள்.

முதலில் பையனைப் பற்றி. மேல் பல் இரண்டு விழுந்துவிட்டன. சிங்கப்பூர் என்று சொல்ல வாயெடுத்தால் பாதி காற்றுதான் வருகிறது. ஆனாலும் நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறான். மூன்றாம் வகுப்புக் கட்டணத்தை மே 30-க்குள் கட்ட வேண்டும். அவனோ வகுப்பு ஆசிரியையிடம், "நான் இனிமேல் வரமாட்டேன், ஜூன் மாதம் அம்மாவிடம் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பள்ளி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, மாற்றுச் சான்றிதழ் எழுதவா என்று கேட்டார்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அது பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டவா, வேண்டாமா?

மழை இல்லை. மேட்டூரில் இந்த வருஷம் ஜூன் 12-ல் திறப்பார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. நாலு மா நிலத்து விஷயத்தில் உன் சித்தப்பா இன்னும் பிடி கொடுக்கவில்லை. அதை விடு.

போன மாதம் நீ அனுப்பியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதற்கு முந்திய மாதமும் அதே தொகை. தை மாதம்வரை எண்பதாயிரம்தான் வந்துகொண்டிருந்தது. பணம் குறைந்தால் கேட்கிற அப்பன்கள் உண்டு, கூடினதற்குக் கேட்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சம்பளம் உயர்ந்திருந்தால் நீ சொல்லாமல் இருக்க மாட்டாய். அந்த நர்ஸ் பதிவுத் தேர்வில் தேறியதைச் சொல்ல எங்களை இரவு பதினொன்றரைக்கு எழுப்பினவள் நீ. அங்கே அப்போது மணி இரண்டு. அன்றைக்கு உன் அம்மா மறுபடி படுக்கவே இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு அரிசி புடைத்தாள். நம் வம்சத்தில் கடல் தாண்டி மண் சுமக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீதான். அதை நான் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் எழுபது ரூபாய் என்றால், கூடுதலாக வரும் முப்பதாயிரம் நானூறு வெள்ளிக்கு மேல். இந்த நானூறு வெள்ளி எங்கிருந்து மிச்சமாகிறது? அரிசி, காய், முட்டை என்று தின்கிற பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற ஊர் அது. 2024-லிருந்து வரி வேறு 9 விழுக்காடு. சோற்றில் மிச்சம் பிடித்தால் நானூறு வராது. வாடகையில்தான் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது உன் தலைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி தெரிந்தது. அதன்மேல் ஈரத் துண்டு ஒன்று தொங்கியது. நீ போனை அந்தப் பக்கம் திருப்பினாய். அங்கேயும் ஒரு கம்பி. அம்மா அதைக் கவனிக்கவில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். நான் அந்த மாதிரிக் கட்டிலில் ஒன்பது வருஷம் படுத்தவன். மேல் தட்டில் ஒருவர், கீழ்த் தட்டில் ஒருவர். மேலே இருப்பவர் புரண்டால் கீழே இருப்பவருக்குத் தூக்கம் போகும். யீஷூனில் ஜன்னல் வைத்த தனி அறை, வாடகை 900 வெள்ளி என்று சொன்னாயே, அந்த அறை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளுக்குத் தூக்கம் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டில் கை வைக்காதே. எங்களுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள். எழுபதாயிரமே எங்களுக்குத் தாராளம்.

உன் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. மிச்சம் பிடித்துச் சேர்த்துவிட்டால் பையனையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாய். சின்னத்தான் என் எதிரிலேயே அங்குள்ள மனிதவள அமைச்சின் தளத்தைத் திறந்து வரி வரியாகப் படித்துக் காட்டினான். எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதிக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 3,300 வெள்ளி சம்பளம். கணவனையோ பிள்ளையையோ டிபெண்டன்ட் பாஸில் கூட்டிவர வேண்டுமென்றால், மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம். சம்பளம், பாப்பா. சேமிப்பை யாரும் கேட்பதில்லை. நீ வயிற்றைக் கட்டி வங்கியில் ஐம்பதாயிரம் வெள்ளி வைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் எழுத இடமே கிடையாது. ஓவர்டைம் பார்த்து ஏற்றலாம் என்றாலும் அது நிலையான சம்பளத்தில் சேராதாம். உன் சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆறாயிரம் இருந்தால் நீ கம்பிக் கட்டிலுக்குப் போயிருக்க மாட்டாய்.

இது மாப்பிள்ளைக்குத் தெரியுமா? அவர் குட்டியானை வண்டியை விற்க நீடாமங்கலத்தில் விலை பேசிவிட்டார். முன்பணம் இன்னும் வாங்கவில்லை. அங்கே போய் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் வருகிறவரும் வேலை செய்யத் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டுமாம். அவர் அங்கே வந்து நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? மாமனார் சொன்னால் அவருக்கு வருத்தமாகும். பெரியத்தை வீட்டுக் கல்யாணத்திலிருந்தே என் பேச்சு அவருக்குக் கசப்பு. நீதான் சொல்ல வேண்டும். வண்டி கைவிட்டுப் போவதற்கு முன்னால் சொல்.

யாரோ அவரிடம் ஜொகூரில் வீடு எடுத்துக்கொண்டு பாலம் கடந்து தினமும் போய்வரலாம், வாடகை பாதிகூட ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்கிறார்கள், சரி. நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே விருந்தாளியாகப் போகலாம், குடியிருக்க முடியுமா? ஊரில் இலவசமாகக் கிடைப்பது யோசனை ஒன்றுதான்.

அப்படியே ஆறாயிரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீவக என்கிற அரசுக் குடியிருப்பில் மூன்று அறை வீடு 2,500 வெள்ளிக்குக் கீழே கிடைப்பதில்லை என்று நீயே சொன்னாய். அங்கே மூன்று அறை என்றால் கூடத்தையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், படுக்கையறை இரண்டுதான். பையன் பள்ளியில் சேர ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும் இடம் இருந்தால்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் தனி. தமிழ் பாடமாக உண்டு என்பது ஒன்றுதான் எனக்கு அதில் பிடித்தது. நம் திருவாரூர் மாவட்டத்தில் பாதிகூட வராத தீவு. கார் வாங்கும் உரிமைக் காகிதத்துக்கு மட்டும் லட்சம் வெள்ளி என்கிறார்கள். நான் போய் இறங்கிய 1990-ல்தான் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது எங்களுக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி.

நீ போயிருக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. திருச்சியில் இருந்திருந்தால் உனக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? யீஷூனுக்கு அப்பால் உட்லண்ட்ஸ் வழியாகப் போகிறதே, அந்தச் சிவப்புப் பாதை, அதற்கு நாங்கள் தூண் கட்டினோம். 1996-ல் ரயில் விட்டார்கள். ஒரு நாளைக்கு 16 வெள்ளி கூலி. அதன்மேல் என் மகள் வெள்ளை உடுப்போடு போகிறாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு நிமிர்கிறது. சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே. இதை ஏற்கெனவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

போன புதன்கிழமை பையன் என்னிடம் நேராகக் கேட்டான். "தாத்தா, ஜூனில் போகாவிட்டால் எப்போது போவேன்?" நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம்" என்றேன். சொன்ன பிறகு எனக்குத் திண்ணையில் உட்கார முடியவில்லை. எழுந்து குளத்தங்கரைவரை போய்விட்டு வந்தேன்.

நாலு மாவின் பட்டாவைத் தேடி மாசி மாதம் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதில் உன் அம்மாவின் பாஸ்போர்ட் இருந்தது. 1995-ல் எடுத்தது. நீ கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை திருச்சிக்குப் பஸ்ஸில் போய் அலைந்து எடுத்திருக்கிறாள். 2005-ல் அது காலாவதியாகிவிட்டது. ஒரு பக்கத்தில்கூட ஒரு முத்திரை இல்லை.

எடுத்து வைக்கச் சொன்னது நான்தான். அப்போது கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். "பாஸ்போர்ட் எடுத்து வை, அடுத்த வருஷம் கூட்டிக்கொள்கிறேன், கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கிறேன்" என்று பேசி அனுப்பினேன். நான் எந்தக் குவார்ட்டர்ஸும் கேட்கவில்லை. வொர்க் பெர்மிட்டில் போனவனுக்குக் குடும்பத்தைக் கூட்டிவர வழியே கிடையாது. போன முதல் மாதமே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தே நாலு கேசட்டில் அதைச் சொன்னேன். சொன்னால் அடுத்த கேசட்டில் அவள் குரல் கொஞ்சம் தெளிந்து வரும். அதைக் கேட்பதற்காகச் சொன்னேன். கூடத்தில் மாட்டியிருக்கிறதே, நான் சோபாவில் கால்மேல் கால் போட்டிருக்கும் படம், அந்தச் சோபா சிராங்கூன் சாலை ஸ்டுடியோக்காரருடையது. நான் படுத்திருந்தது தகரக் கொட்டகையில் பதினாறு பேரோடு.

1999-ல் நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறாள், உன் ஜாதகத்தோடு ஒரே உறையில். பட்டாவை வெளியே எடுத்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எனவே பையனிடம் நீயே பேசு. ஜூனில் இல்லை என்று சொல். எப்போது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல். அழுவான். அவன் அம்மாயி இருக்கிறாள், நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறோம். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். உனக்கு லீவு கிடைத்தால் சுற்றுலா விசாவில் ஒரு பத்து நாள் அவனை நானே கூட்டி வருகிறேன். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்தானே. டிக்கெட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பணம் அனுப்ப வேண்டாம். அந்தத் தூணையும் அவனுக்குக் காட்டலாம். அம்மாவும் வருவாளா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதுப் பாஸ்போர்ட் எடுக்க இப்போது தஞ்சாவூர் போனால் போதுமாம்.

அதற்குள் அந்த அறைக்குத் திரும்பிப் போய்விடு. ஆள் வந்துவிட்டால் வேறு அறை பார். ஜன்னல் இருக்கட்டும்.

பள்ளிக்கு 29-ந் தேதி போகிறேன். போனில் பேச வேண்டாம். "கட்டு" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், நான் கட்டிவிடுகிறேன். வடு மாங்காயில் உப்புக் கொஞ்சம் தூக்கல், அம்மாவிடம் சொல்லாதே. துண்டைச் சின்னத்தானிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு. அது புதுத் துண்டு, எங்கே என்று அவள் தேடுவாள்.

அப்பா