கொம்பை எண்ணிய கதை

டேய் தரகு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் திட்டு. இங்கே எல்லோரும் சுகம், சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இந்த ஸ்காட்லாந்து இன்வர்னஸில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இவ்வளவுதான் வீட்டுச் செய்தி. மீதி எல்லாம் மான்.

ஆமாம், மான் சுட்டேன். ஹாஸ்டலில் கோழி அறுக்கச் சொன்னதற்குக் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன்தான். சிரித்து முடித்துவிட்டுப் படி.

நம் ஊரில் 1972 சட்டத்துக்கு அப்புறம் மான்மேல் கை வைத்தால் ஜெயில். இங்கே கதை வேறு. ஓநாய் ஒழிந்து முந்நூறு வருஷம் ஆகிவிட்டது, மானைத் தின்ன எதுவும் இல்லை, முளைக்கிற மரக்கன்றை எல்லாம் அவை மேய்ந்துவிடுகின்றன. அதனால் வருஷா வருஷம் இத்தனை என்று கணக்குப் போட்டுச் சுடுகிறார்கள். ஆபீஸ் பெரியவர் ஒருவருடைய தம்பி ஒரு எஸ்டேட்டில் வழிகாட்டி. அந்த வேலைக்கு ஸ்டாக்கர் என்று பெயர். சுட்டதைக் குதிரையில் ஏற்றி இறக்குகிற ஆளுக்குக் கில்லி என்று பெயர், சத்தியமாக. அக்டோபர் இரண்டாம் வாரம் என்னையும் கூட்டிப்போனார்கள்.

முதல் நாள் சுடவில்லை, தொலைநோக்கியில் பார்த்ததோடு சரி. ஒரு சரிவில் பன்னிரண்டு முனைக் கொம்போடு ஒன்று நின்றது, விஸ்கி டப்பாவில் இருக்குமே அப்படியே. பன்னிரண்டு இருந்தால் ராயல் என்கிறார்கள். 'அதுதான் இருப்பதில் பெரிய கிழவன், அதையா சுடப்போகிறோம்' என்று நான் கேட்க, ஸ்டாக்கர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குண்டு வாத்தியார் பார்வைடா. வருஷத்துக்கு ஒரு முனை கூடும் என்பது சுத்தப் பொய்யாம். கொம்பு ஒவ்வொரு வசந்தத்திலும் விழுந்து, ரோமத்தோல் போர்த்திய எலும்பாகப் புதிதாக முளைக்கிறது, ஆகஸ்டுக்குள் தோலை உரசித் தள்ளிவிடுகிறது. எவ்வளவு பெரிதாக வரும் என்பது பாதி தீனியைப் பொறுத்தது. இந்த மலையில் புல்லும் கரிமண்ணும்தான். இங்கே இன்வர்மார்க்கிலிருந்து 1871இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவுக்குக் கொண்டுபோய் விட்ட மான்களின் சந்ததி அங்கே எவ்வளவு பெரிய கொம்பு போட்டது என்று படம் காட்டினார், அதே ரத்தம் என்று நம்பவே முடியவில்லை. இங்கே ஸ்காட்லாந்தின் ரம் தீவில் தீனி இன்னும் மோசம், சுண்ணாம்புச் சத்து போதாமல் மான்கள் கடல்பறவைக் குஞ்சின் தலையைக் கடித்துத் தின்கின்றனவாம். மான்! உங்கள் பாட்டியிடம் சொல்லாதே, கோவிலுக்கு வேண்டிக்கொள்வார்.

கொம்பே முளைக்காத ஆணும் உண்டு, ஹம்மல் என்பார்கள், நம் கணக்குக்கு மொட்டை. அதற்குப் பிறந்த பிள்ளைகளுக்குக் கொம்பு வந்ததாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

கொம்பை விட்டுவிட்டு உடம்பைப் பார் என்றார். இளசு என்றால் கழுத்து மெலிசாக நீண்டிருக்கும், தலையைத் தூக்கி நடக்கும், அடிவயிறு பெட்டை மான் மாதிரி மேலே ஏறியிருக்கும். நடுவயசில் பாரம் முழுக்க முன்பக்கம், கழுத்து நேராகத் தோளில் செருகியதுபோல் இருக்கும். கிழடு என்றால் முதுகு தொய்ந்து, இடுப்பெலும்பு துருத்தி, தலை தாழ்ந்துபோயிருக்கும். கொம்பு நிற்கிற அடிக்கட்டை வருஷா வருஷம் குட்டையாகித் தடிக்கும். பத்து வயசை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அப்புறம் கொம்பு தேய ஆரம்பிக்கும். அந்தத் தேய்பிறையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ராயலை விட்டுவிட வேண்டும். எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. அந்தியூர் சந்தையில் நாம் கொம்பு வளைவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, 'கொம்பா உழப்போவுது?' என்று சொல்லிவிட்டு நேராக மாட்டின் உதட்டைத் தூக்கினாரே.

மறுநாள்தான் வினை. மழைச் சாரல், வெளிச்சம் மங்கல். நூற்றைம்பது மீட்டரில் ஒன்று, மொத்தம் ஆறே முனை, முதுகு கூனியிருந்தது, வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு தெரிந்தது, சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் கறுப்பு. 'என்ன சொல்கிறாய்?' என்று கேட்டார். நேற்றுப் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். கிழடு, தேய்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் தலையாட்டினார். சுட்டேன். ஒரே குண்டு, நாலடி நடந்து விழுந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.

கில்லி கீழே கொண்டுவந்தபின் கீழ்த்தாடையை அறுத்துக் கழுவினார்கள். நாற்பது வாட் பல்பு, சில்லென்று ஒரு ரத்தவாடை. ஸ்டாக்கர் கட்டைவிரலால் கடைவாய்ப் பற்களைத் தடவினார். கிழடாக இருந்தால் மேடெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்க வேண்டும். இது கத்தி மாதிரி நின்றது. என் விரலையும் பிடித்து வைத்தார், கீறியது. அடிக்கட்டையும் நெட்டையாகவே இருந்தது. 'ஐந்து, மிஞ்சினால் ஆறு' என்றார்.

கிழடே இல்லைடா. இணை சேரும் பருவத்தில் வாரக்கணக்கில் மேயாமல் கத்திக்கொண்டும் முட்டிக்கொண்டும் திரியும், உடம்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இறங்கிவிடும். அந்தக் களைப்பை நான் முதுமை என்று படித்துவிட்டேன். இரண்டு வாரம் ஓய்வும் மேய்ச்சலும் கிடைத்திருந்தால் என் கண்ணுக்கே வாலிபனாகத் தெரிந்திருக்கும். 'நானும்தான் பார்த்தேன், எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது' என்று ஸ்டாக்கர் சொன்னார். அவர் நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொன்னாரா நிஜமாகவா என்று தெரியவில்லை. கிழடு என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. உன் அப்பா என்றைக்காவது தூரத்தில் நின்று வயசு சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? விலை பேசத் துண்டுக்குள் விரலைப் பிடிப்பதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பார்த்துவிடுவார். எனக்குக் கிடைத்த வாய் சுட்ட பிறகு திறந்த வாய்.

கறியில் எனக்கும் பங்கு வந்தது. வீட்டுக்காரி மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள், பிள்ளைகள் தின்றார்கள், நான் ரசம் சாதம்.

சரி, ஒரு வேலை செய். தாடையை நான்கு பக்கமும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது என்றாயே, ஃபோனில் பெரிதாக்கிக் காட்டு. மான் என்று சொல்லாதே, நான் சுட்டது என்றும் சொல்லாதே. எத்தனை வயசு என்று மட்டும் கேட்டு, அவர் வாயில் வருகிற நம்பரை அப்படியே எழுது. குறைத்துச் சொல்லாதே, கூட்டியும் சொல்லாதே.

உன்
மொட்டை