செயலாளர் ஆண்டறிக்கை: தரங்கம்பாடித் துறைமுகம் ஏன் படுத்தது?

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேசப்போவதாகக் கேள்வி. அதற்குள் நான் போகவில்லை.

இந்த ஆண்டு நம் சங்கக் கூட்டங்களில் பெரும்பாலும் ஒரே விவாதம்தான். நம் ஊர்த் துறைமுகம் எப்படி மேலே வந்தது, ஏன் படுத்தது? "டேனிஷ்காரன் விற்றுவிட்டுப் போனான், ஊர் போச்சு" என்பதுதான் டீக்கடையில் சொல்லும் பதில். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஊர் சரிந்த பிறகுதான் விற்பனையே நடந்திருக்கிறது.

மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஆகவே ஆளில்லாத மணல்மேட்டில் யாரும் வந்து குடியேறவில்லை. 1620-இல் டென்மார்க்கிலிருந்து வந்த கடற்படைத் தளபதி ஓவே கெட்டே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார். நாயக்கருக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம், டேனியருக்கு மிளகு வியாபாரம்.

அடுத்து வந்த காலத்தைப் பற்றிய கூட்டத்தில்தான் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. 1639-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. 1650-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கிருந்த டேனியர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்பவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். வங்காளக் கப்பல்களைக் கடலில் மறித்துப் பிடித்ததும் அப்போதைய வருமானத்தில் சேரும். ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவர்தான். ஒருவழியாக 1669-இல் கப்பல் வந்தது. கோங்ஸ்பக்கேயின் பெயரில் ஊரில் ஒரு சந்தாவது இருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அவருடைய அச்சகம், பொறையாறு காகித ஆலை பற்றியெல்லாம் முன்பே நிறையப் பேசியாகிவிட்டது.

ஊர் உண்மையில் செழித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில், அதுவும் மற்றவர்கள் போட்ட சண்டையால். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது டென்மார்க் நடுநிலை நாடு. அதன் கொடி பறந்தால் சரக்குக்குப் பாதுகாப்பு. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்களே இங்கே சொந்தமாகச் சம்பாதித்த பணத்தை டேனியர் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கிங் தெருவின் பெரிய வீடுகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கியதும் அந்த நடுநிலை முடிந்தது. 1808 முதல் 1815 வரை நம் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது சண்டையும் இல்லை, நடுநிலைக் கொடிக்குக் கிராக்கியும் இல்லை. முப்பது ஆண்டுகள் இழுத்துப் பார்த்துவிட்டு, 1845-இல் வங்காளத்தில் டேனியரிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள்.

"இங்கே ஆழம் இல்லை, அதனால்தான் கப்பல் வரவில்லை" என்று ஒரு மூத்த உறுப்பினர் கடைசிவரை விடவில்லை. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது: நாகப்பட்டினத்திலும் பெரிய கப்பல்கள் தள்ளித்தான் நங்கூரம் போட்டன, படகில்தான் சரக்கு இறங்கியது. வித்தியாசம் ரயில். 1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடியது. நமக்கு மாயவரத்திலிருந்து தண்டவாளம் வந்தது 1926-இல். அதுவும் 1986-இல் நின்றது. விற்பனைக்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கிருந்த கலெக்டர் தலைமையிடமும் 1860 வாக்கில் போய்விட்டது.

அப்புறம், மற்ற பணிகள். பள்ளி மாணவர்களைக் கோட்டை, சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், நகர வாயில் என்று நடத்திக் கூட்டிப்போனோம். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது, கூட வந்த மீனவ உறுப்பினரே இடத்தைக் காட்டினார். தெருக்களில் தகவல் பலகை வைக்கக் கோரிய மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மீண்டும் அனுப்பத் தீர்மானம் கொண்டுவருகிறோம்.

வரும் ஆண்டில் அந்தப் பழைய ரயிலில் போய்வந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய எண்ணம். பலருக்கும் வயதாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. வீட்டில் பழைய பயணச்சீட்டோ புகைப்படமோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

இந்த அறிக்கையை ஏற்று அனுமதி அளிக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்