மகனின் வலக்கைக்குத் துணை நின்ற உங்கள் அனைவருக்கும்

வணக்கம்.

எங்கள் மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவன் பிறந்ததிலிருந்து உடன் நின்ற உங்களுக்கு நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி குழந்தைகள் நல மருத்துவர் அம்மாவுக்கு. அவன் பிறந்த அன்று எல்லார் கண்ணும் அவன் வலக்கையில் ஒட்டியிருந்த விரல்கள் மேல்தான் இருந்தது. நீங்கள்தான் துணியை விலக்கச் சொன்னீர்கள். குழந்தையின் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, அக்குளுக்கு முன்னால் இருக்கும் சதைமடிப்பை இரு விரல்களால் பிடித்துப் பார்த்தீர்கள். இடப்பக்கம் சதை அகப்பட்டது. வலப்பக்கம் வெறும் தோல். அந்தப் பக்கத்து முலைக்காம்பு சிறுத்து, சற்று மேலேறி இருந்ததையும் காட்டினீர்கள். இதற்குப் போலண்ட் சிண்ட்ரோம் என்று பெயர், பெரிய மார்புத்தசையில் மார்பெலும்பிலிருந்தும் விலாக்களிலிருந்தும் கிளம்பும் பகுதி உருவாகவில்லை, அதே பக்கத்துக் கையும் குட்டையாக இருக்கலாம், அறிவு வளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வரிசையாகச் சொன்னீர்கள்.

கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், எங்கே இடித்துக்கொண்டாய் என்று என்னைத் துளைத்தவர்கள் அப்போது அறையில்தான் இருந்தார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசினீர்கள். கரு உருவான ஆறாவது வாரத்தையொட்டி, காறை எலும்புக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாயில் ஓட்டம் குறைந்திருக்கலாம் என்பதே மருத்துவர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம், பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை, தாய் செய்ததாலோ செய்யத் தவறியதாலோ வந்ததில்லை என்றீர்கள். அதன்பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மருந்துச்சீட்டில் எழுத முடியாத சிகிச்சை அது, அம்மா.

விலா எலும்புகளுக்கு எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகங்களுக்கு ஸ்கேன் என்று எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காத்திருக்க வைக்காமல் சொன்னவர்களுக்கும் நன்றி.

பிளாஸ்டிக் சர்ஜன் ஐயா, நீங்கள் பேனாவை எடுத்து என் கணவரின் விரல் இடுக்கிலேயே கோடு போட்டுக் காட்டியதை மறக்க மாட்டோம். நேர்கோடாகக் கீறினால் தழும்பு இறுகி, வளரும் விரலை வளைத்துவிடும்; அதனால் வளைந்து வளைந்து கீறி, தோல் போதாத இடத்துக்குத் தொடை இடுக்கிலிருந்து எடுத்து ஒட்டுவோம் என்றீர்கள். எல்லா விரல்களையும் ஒரேயடியாகப் பிரித்துவிடக் கூடாதா என்று நாங்கள் கேட்டதற்கு, ஒரு விரலின் இரு பக்கத்தையும் ஒரே வேளையில் தொட்டால் அதன் ரத்த ஓட்டமே கெடலாம் என்று விளக்கினீர்கள். விரல்கள் பிரியும், ஆனால் நடு எலும்புகள் குட்டை, நீளம் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஆசை காட்டாத அந்தப் பேச்சால்தான், கட்டைப் பிரித்த நாளில் எங்களால் மனமார மகிழ முடிந்தது.

மார்புக்கு இப்போது எதுவும் வேண்டாம் என்று நீங்கள் நிறுத்திக்கொண்டதற்கும் நன்றி. வளர்ந்தபின் அவனே விரும்பினால் முதுகுத் தசையை முன்னால் கொண்டுவரலாம், உடலிலிருந்தே கொழுப்பை எடுத்து நிரப்பலாம். விரும்பாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்றீர்கள். அந்த முடிவு அவனுடையது என்பதை எங்களுக்கு முதலில் உணர்த்தியவர் நீங்கள்தான். மயக்கம் தெளிந்து அவன் வீறிட்ட இரவில் கட்டுப்போட்ட கையை உயர்த்திப் பிடித்தபடியே மடியில் வைத்திருந்த சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

நன்றி அறிவிப்புகளில் பிசியோதெரபிஸ்டின் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். அது நியாயமில்லை. அறுவை சிகிச்சை சில மணி நேரம். அதற்குப் பிந்தைய மாதங்கள் முழுக்க உங்கள் கையில்தான் இருந்தன, தம்பி. தழும்பை எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பதை என் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினீர்கள். இரவில் கையைத் தாங்கக் கட்டும் ஸ்பிளின்ட் பட்டையை அவன் கழற்றி எறிந்தபோதெல்லாம் பொறுமையாக விளிம்பை இழைத்துத் திருத்தித் தந்தீர்கள். பிசைந்த களிமண், துணிக் கவ்வி, பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டை ஆகியவைதான் உங்கள் கருவிகள். பொத்தானை அவன் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடக்கையால் துளையை இழுத்து மாட்டினான். நான் திருத்தப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். “மாட்டிவிட்டான் அல்லவா அக்கா, அதுதான் அவனுக்குச் சரியான முறை” என்றீர்கள். இன்று அவன் சட்டையை அவனே போட்டுக்கொள்கிறான்.

அத்தை, குளிப்பாட்டும்போதெல்லாம் ஒட்டுப்போட்ட தோலை எண்ணெய் தொட்டு நீவிவிட்டவர் நீங்கள். வந்தவர்கள் முன்னால் அவன் கையைத் துணியால் மூடாமல் வைத்திருந்தவரும் நீங்கள்தான். வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது ஒளிக்காமல் பதில் சொல்லி, விளையாட்டில் அவனை ஓரமாக உட்காரவைக்காத ஆசிரியைக்கும் எங்கள் நன்றி.

நான் பார்க்கவே வாய்ப்பில்லாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1841-இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் போலண்ட் என்ற மாணவர், இறந்துபோன ஒரு கைதியின் உடலை ஆராய்ந்தபோது மார்புத்தசைகள் குறைந்திருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அந்த மனிதரின் கை அங்கே பாதுகாக்கப்பட்டது. 1962-இல் அதே மருத்துவமனையின் பாட்ரிக் கிளார்க்சன் என்ற அறுவை மருத்துவர்தான் இந்தக் குறைபாட்டுக்குப் போலண்டின் பெயரை வைத்தார். எங்கள் மருத்துவர் அம்மா அன்று அக்குளைத் தொட்டுப் பார்த்ததற்குப் பின்னால் அந்தக் கைதியின் உடலும் இருக்கிறது. அவரிடம் யாரும் அனுமதி கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சர்ஜன் ஐயா, எங்களிடம் கேட்டீர்கள். மகனின் எக்ஸ்ரேக்களையும் கையின் படங்களையும் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டலாம் என்று நானும் கணவரும் கையெழுத்திட்டுவிட்டோம். முகமும் பெயரும் மட்டும் வேண்டாம். பெரியவனானதும் அவனிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அவனுடைய அம்மா